ரத்தம் புறப்பட்ட இடம்

ஆசனவாயின் உட்சுவரில், வெளித்திறப்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே, மூன்று சிறிய மெத்தைகள் இருக்கின்றன. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் முன்னும் பின்னுமாக இரண்டு. மெல்லிய சவ்வுக்கு அடியில் ரத்தக்குழாய்களும் இணைப்புத் திசுவும் கொஞ்சம் தசைநாரும் பின்னிக்கிடக்கும் மெத்தைகள். பிறந்த குழந்தைக்கும் இவை உண்டு, தொண்ணூறு வயதுப் பாட்டிக்கும் உண்டு. ரத்தம் நிரம்பினால் உப்பும், வடிந்தால் தளரும். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் நாம் கவலையின்றி உட்கார்ந்திருப்பதற்கு இந்த உப்பலும் தளர்வும் பெரிய காரணம்.

வட்டமான தசை எவ்வளவு இறுக்கிச் சுருங்கினாலும் நடுவில் ஒரு சிறு துளை மிஞ்சும். தண்ணீர்க் குழாயின் இரும்புத் திருகை எவ்வளவு முறுக்கினாலும் உள்ளே வாஷர் இல்லாவிட்டால் சொட்டுவதுபோல. அந்த மிச்சத் துளையை அடைப்பவை இந்த மெத்தைகள். ஓய்வில் இருக்கும்போது ஆசனவாய் மூடியிருக்கத் தேவையான அழுத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் இவற்றின் பங்கு. நாம் இருமும்போது, தும்மும்போது, குனிந்து குடம் தூக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது. அதே கணத்தில் மெத்தைகளிலும் ரத்தம் ஏறி அடைப்பு இறுகுகிறது. யாரும் சொல்லித்தராமல், யோசிக்காமல் நடக்கிற காரியம்.

இதைவிட வியப்பான இன்னொன்றும் அங்கே நடக்கிறது. மலக்குடலுக்குள் ஏதாவது வந்து சேர்ந்ததும் உட்புறச் சுருக்குத்தசை ஒரு கணம் தளர்ந்து, வந்ததில் சிறிதளவைக் கீழே இறங்கவிடுகிறது. அங்கே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக இருக்கின்றன. வந்திருப்பது காற்றா, நீரா, திடமா என்று அவை பார்த்துச் சொல்கின்றன. காற்று என்றால் விடலாம், மற்றதென்றால் பொறுக்க வேண்டும். விழித்திருக்கும் வேளையில் மணிக்குப் பலமுறை இந்தச் சோதனை நடக்கிறது. உடலின் இவ்வளவு நுட்பமான ஓர் இடத்தைப் பற்றிப் பேசவே நாம் கூசுகிறோம் என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம். அந்தக் கூச்சத்தின் விலையை இந்தக் கட்டுரையின் போக்கில் பார்ப்போம்.

மூலம் என்பது கெட்டுப்போன ரத்தக்குழாய்ச் சுருட்டு, காலில் ரத்தக்குழாய் சுருள்வதுபோல ஆசனவாயில் சுருண்டுவிட்டது என்றுதான் மருத்துவர்களே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1975இல் தாம்சன் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் அந்தப் பகுதியை நுணுகி ஆராய்ந்து, அது நோயில்லாதவர்களிடமும் இருக்கும் இயல்பான உறுப்பு என்று காட்டினார். அதைத் தாங்கிப் பிடிக்கும் நார்கள் தொய்ந்து, மெத்தை தன் இடத்திலிருந்து கீழே சறுக்கும்போதுதான் அது மூலம். சறுக்கிய மெத்தையின் மேல்சவ்வைக் கெட்டியான மலம் உரசிக்கொண்டு போகும்போது ரத்தம் கசிகிறது. அந்த ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருப்பதற்குக் காரணம், தமனி ரத்தம் நேரடியாக அங்கே வந்து கலப்பதுதான். மலத்தோடு கலக்காமல், முடிவில் சொட்டுச் சொட்டாகவோ பீய்ச்சியோ விழும். பார்ப்பவருக்குக் குலை நடுங்கும். பெரும்பாலும் இழப்பது சில மில்லிலிட்டர்தான்.

நார்கள் ஏன் தொய்கின்றன? வயது ஒரு காரணம். கர்ப்பம் ஒரு காரணம்: வளரும் கருப்பை அழுத்துகிறது, ஹார்மோன்கள் திசுக்களை இளக்குகின்றன, மலச்சிக்கலும் கூடவே வருகிறது. ஆனால் அன்றாடத்தில் நம் கையில் இருக்கும் காரணங்கள் இரண்டு: முக்குவது, நெடுநேரம் உட்கார்ந்திருப்பது. கழிப்பறைப் பீங்கானின் நடுவில் திறப்பு இருப்பதால் இடுப்பின் அடித்தளத்துக்குத் தாங்கல் கிடையாது. நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்காருவதும் அதில் இருபது நிமிடம் உட்காருவதும் ஒன்றல்ல. பாஸ்டனில் கொலனோஸ்கோபிக்கு, அதாவது பெருங்குடலுக்குள் கருவி செலுத்திப் பார்க்கும் சோதனைக்கு, வந்த 125 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2025இல் வெளியானது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கழிப்பறைக்குள் கைபேசி கொண்டுபோகிறவர்கள். வயது, எடை, நார்ச்சத்து, முக்கும் பழக்கம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், கொண்டுபோகிறவர்களுக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு 46 சதவீதம் கூடுதலாக இருந்தது. சிறிய ஆய்வுதான், காரணத்தை நிரூபித்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும் கைபேசியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போவதற்கு அது போதும் என்பது என் எண்ணம்.

குந்தி உட்காருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலக்குடலும் ஆசனவாயும் சேரும் இடத்தில் ஒரு தசைப்பட்டை பின்புறமாக வளைந்து, குழாயை முன்னோக்கி இழுத்து மடக்கி வைத்திருக்கிறது. குந்தும்போது தொடை வயிற்றோடு நெருங்கி, அந்த மடிப்பு நேராகிறது. இஸ்ரேலில் சிகிரோவ் என்ற மருத்துவர் 28 பேரை மூன்று விதமாக உட்காரச் சொல்லி நேரம் பார்த்தார். 2003இல் வெளியான அந்தக் கணக்கில், குந்தியபோது சராசரி 51 விநாடி, வழக்கமான உயரப் பீங்கானில் 130 விநாடி. முழங்கால் இடம் கொடுக்காதவர்கள் காலடியில் ஒரு குட்டி ஸ்டூல் போட்டு முழங்காலை இடுப்புக்கு மேலே கொண்டுவந்தால் ஓரளவு பயன் கிடைக்கும்.

இனி வலியைப் பற்றி. ஆசனவாய்க்குள் இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கோடு, பற்களின் விளிம்புபோல ஏறியிறங்கிச் சுற்றி ஓடுகிறது. நாம் தாயின் வயிற்றில் சில வாரக் கருவாக இருந்தபோது, உள்ளிருந்து வளர்ந்த குடல் திசுவும் வெளியிலிருந்து மடிந்துபோன தோல் திசுவும் சந்தித்த இடம் அது. கோட்டுக்குக் கீழே தோலின் நரம்புகள். ஊசி பட்டால் உயிர்போகும். கோட்டுக்கு மேலே குடலின் நரம்புகள். அவற்றுக்கு இழுப்பும் உப்பலும் தெரியும், வெட்டும் சூடும் தெரியாது. மலச்சிக்கலில் கிழிந்துபோகும் ஃபிஷர் கோட்டுக்குக் கீழே இருப்பதால் கண்ணாடித் துண்டு அறுப்பதுபோல் வலிக்கிறது. உள்மூலம் மேலே இருப்பதால் ரத்தம் கொட்டினாலும் வலிப்பதில்லை. இதே காரணத்தால்தான் உள்மூலத்தின் அடியில் மயக்க மருந்து இல்லாமலே ரப்பர் வளையம் மாட்டி, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, சில நாளில் உதிரச் செய்ய முடிகிறது.

மலக்குடலில் தோன்றும் புற்றுநோயும் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது. அதுவும் தொடக்கத்தில் வலிப்பதில்லை.

“வலி இல்லையே, அப்போ பயமில்லை” என்று நம் வீடுகளில் சொல்லப்படும் ஆறுதல் இந்த ஓர் உறுப்பில் தலைகீழாகிவிடுகிறது. வலியுள்ள ரத்தப்போக்குதான் பெரும்பாலும் சின்ன விஷயம்.

கோட்டிலிருந்து மேலே போகப் போக, ரத்தம் தான் கடந்துவந்த தொலைவை நிறத்தில் காட்டுகிறது. பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம். வலது அடிவயிற்றில் தொடங்கி, மேலே ஏறி, குறுக்கே போய், இடப்பக்கமாக இறங்கி மலக்குடலில் முடிகிறது. இடப்பக்கத்து ரத்தம் சிவப்பாகவே வரும், மலத்தோடு கொஞ்சம் கலந்திருக்கும். வலப்பக்கத்து ரத்தம் அரக்கு நிறமாகும். இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ புண் வெடித்துக் கசிந்தால், அமிலமும் நொதிகளும் வழிநெடுகப் பாக்டீரியாக்களும் ஹீமோகுளோபினை உருமாற்றி, தார்போலக் கறுத்து, பிசுபிசுத்து, ஒருமுறை முகர்ந்தால் மறக்காத நாற்றத்தோடு வெளியே வரும். அதற்கு 50 முதல் 100 மில்லிலிட்டர் ரத்தம் போதும். மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் தாமே வாங்கி மாதக்கணக்கில் வலி மாத்திரை விழுங்குகிறவர்களுக்கும், இதயத்துக்காக ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்க வேறு மருந்தோ சாப்பிடுகிறவர்களுக்கும் இந்தக் கறுப்பு முதல் எச்சரிக்கை.

இந்த நிறக்கணக்குக்கு விலக்குகளும் உண்டு. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். ஆனால் பிசுபிசுக்காது, அந்த நாற்றமும் இருக்காது. முந்தைய நாள் பீட்ரூட் பொரியல் சாப்பிட்டுவிட்டுக் காலையில் பதறியவர்கள் பலர். எதிர்த்திசையில், இரைப்பையில் ரத்தக்குழாயே உடைந்து வெள்ளமாகக் கொட்டினால் கறுக்க நேரமில்லாமல் சிவப்பாகவே வந்துவிடும். தலைசுற்றல், வியர்வை, படபடப்பு, மயக்கம் கூடவே இருந்தால் நிறத்தை ஆராய்ந்துகொண்டிருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

கண்ணுக்கே தெரியாத ரத்தமும் இருக்கிறது. முழு ஆரோக்கியமாக இருப்பவருக்கும் நாளொன்றுக்கு அரை முதல் ஒன்றரை மில்லிலிட்டர் வரை குடலில் கசிகிறது. அதைவிடக் கொஞ்சம் கூடினாலும் மலத்தின் நிறம் மாறாது. வலப்பக்கப் பெருங்குடல் அகலமானது, உள்ளே இருப்பது கூழ். அங்கே ஒரு கட்டி வளர்ந்தால் அடைப்போ வலியோ இல்லாமல் மாதக்கணக்கில் சொட்டிக்கொண்டே இருக்கும். நோயாளிக்குத் தெரிவது மாடிப்படி ஏறினால் வாங்கும் மூச்சும், வெளிறிய முகமும் மட்டும். ஐம்பது வயது ஆணுக்கோ மாதவிடாய் நின்றுவிட்ட பெண்ணுக்கோ இரும்புக் குறைவால் ரத்தசோகை என்றால், பேரீச்சம்பழமும் டானிக்கும் கொடுத்து அனுப்புவதற்கு முன் இரும்பு எந்த வழியாகப் போகிறது என்று தேடியாக வேண்டும். நம் ஊர்களில் கொக்கிப்புழுவும் இதே வேலையைச் செய்யும் என்பதால் அதையும் பார்க்க வேண்டும். ஆனால் புழுமாத்திரையோடு தேடல் முடிந்துவிடக் கூடாது.

காணாத ரத்தத்தைக் காணும் வழி ஒரு மரத்திலிருந்து வந்தது. கரீபியத் தீவுகளில் வளரும் குவாயகம் என்ற சிறு மரம். நீலப் பூ பூக்கும். அதன் கட்டை தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்கு அடர்த்தி. கப்பல்களின் சுழல்தண்டைத் தாங்கும் உருளைப் பிடிகளை இந்தக் கட்டையில்தான் செய்தார்கள், ஏனென்றால் அதன் பிசினே எண்ணெயின் வேலையைச் செய்தது. அந்தப் பிசினை 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பா மேகநோய்க்கு மருந்தென்று நம்பி விழுங்கியது, பயனில்லை. ஆனால் பிசினுக்கு வேறொரு குணம் இருந்தது. ஆக்சிஜன் ஏறினால் நீலமாகும். ஹைட்ரஜன் பெராக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிப் பிசினுக்குக் கொடுக்கும் திறன் ஹீமோகுளோபினில் உள்ள இரும்புக் கூறுக்கு உண்டு. ஆகவே பிசின் தடவிய தாளில் ரத்தத்தின் தடயம் இருந்து, மேலே ஒரு சொட்டு பெராக்சைடு விட்டால், சில விநாடியில் நீலம் பரவும்.

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் வான் டீன் 1864இல் இதை ரத்தக் கறையைக் கண்டறியும் சோதனையாக்கினார். பெர்லினில் வயிற்று நோய்களுக்கென்றே மருத்துவமனை தொடங்கிய இஸ்மார் போவாஸ் 1901இல் இதைக் குடல் நோயாளிகளின் மலத்துக்குக் கொண்டுவந்து, மறைந்த ரத்தக்கசிவு என்ற கருத்தையே மருத்துவத்துக்குள் நிலைநிறுத்தினார். யூதரான போவாஸ், நாஜிகள் வியன்னாவைப் பிடித்த 1938இல் அங்கே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் விட்ட இடத்தை 1967இல் ஒஹையோ மாநிலத்து மருத்துவர் டேவிட் கிரீகர் தொடர்ந்தார். பிசின் தடவிய அட்டையை நோயாளியின் வீட்டுக்கே கொடுத்தனுப்பி, மூன்று நாள் மலத்தைச் சிறிது தடவி எடுத்துவரச் சொன்னார். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிடம் புற்றுநோய் ஆரம்ப நிலையிலேயே அகப்பட்டது.

இது உண்மையில் உயிரைக் காக்கிறதா என்று அறிய மினசோட்டாவில் 50 முதல் 80 வயதுக்குட்பட்ட 46,551 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துத் தொடர்ந்து பார்த்தார்கள். ஆண்டுதோறும் சோதித்துக்கொண்டவர்களிடையே பெருங்குடல் புற்றுநோயால் நேர்ந்த மரணங்கள் 33 சதவீதம் குறைந்தன. முடிவு 1993இல் வெளியானது. தாளில் தடவிய ஒரு மரப்பிசினால் கிடைத்த பலன் இது. பிசின் சோதனைக்குக் குறைகள் உண்டு. ஆட்டிறைச்சியும் முள்ளங்கியும் பொய்யாக நீலம் காட்டும், வைட்டமின் சி மாத்திரை உண்மையான நீலத்தை மறைக்கும். இப்போது மனித ரத்தத்தின் புரதத்தை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருள் சோதனை வந்துவிட்டது. உணவுக் கட்டுப்பாடு தேவையில்லை. ஜப்பான் 1992 முதல் நாடு முழுவதும் இதைச் செய்கிறது. இந்தியாவில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றுக்கு அரசின் முன்னறிதல் திட்டம் இருக்கிறது, பெருங்குடலுக்கு இல்லை.

சோதனையில் ரத்தம் தெரிந்தால் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். வளையும் கண்ணாடி இழைக்கற்றை வழியாக உருவத்தைக் கடத்தலாம் என்று 1954இல் லண்டனிலிருந்து எழுதியவர்களில் ஒருவர் பஞ்சாபின் மோகா நகரில் பிறந்த நரிந்தர் சிங் கப்பானி. அதைப் படித்துவிட்டு நேரில் பார்க்க வந்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ், மிச்சிகனில் சக ஆய்வாளர்களோடு ஒரு கருவி செய்து, 1957இல் முதலில் தம் தொண்டைக்குள்தான் அதை இறக்கிப் பார்த்தார். 1969இல் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யா என்ற ஜப்பானிய மருத்துவர், வில்லியம் வுல்ஃபுடன் சேர்ந்து, கருவியின் நுனியில் கம்பிச் சுருக்கு வைத்து, பெருங்குடலில் முளைத்திருந்த பாலிப் என்ற சதை முளை ஒன்றை வயிற்றைத் திறக்காமலே அறுத்தெடுத்தார். இந்தப் புற்றுநோயை வருமுன் பறித்துவிடும் வாய்ப்பு அன்று பிறந்தது. மற்ற பெரும்பாலான புற்றுநோய்களில் அது நமக்குக் கிடைக்கவில்லை.

வருமுன் பறிக்க முடிவது ஏன் என்றால், அது மெல்ல வருகிறது. பெருங்குடலின் உட்பரப்பு முழுக்க நுண்ணிய குழிகள், ஒரு கோடிக்கும் மேல். ஒவ்வொரு குழியின் அடியிலும் சில தண்டு செல்கள் பிரிந்து பெருக, பிறந்த செல்கள் சுவரோடு மேலே ஏறி, மூன்று முதல் ஐந்து நாளில் உச்சிக்கு வந்து உதிர்கின்றன. போன வாரம் நம் குடலின் மேற்பரப்பில் இருந்த செல்களில் அநேகமாக எதுவும் இன்று இல்லை. இவ்வளவு பிரதி எடுத்தால் பிழை வராமல் இருக்காது. 1990இல் ஃபியரனும் வோகல்ஸ்டைனும் அந்தப் பிழைகளின் வரிசையை வரைந்து காட்டினார்கள்: ஒரு பிழை உதிர வேண்டிய செல்லை உதிராமல் நிறுத்துகிறது, சிறு பாலிப் முளைக்கிறது, அடுத்தது அதைப் பெருக்குகிறது, இன்னொன்று கட்டுப்பாட்டின் கடைசிக் காவலையும் உடைக்கிறது. பெரும்பாலான பாலிப்கள் வழியிலேயே நின்றுவிடுகின்றன. புற்றாகப் போகிறவற்றுக்கும் பொதுவாகப் பத்தாண்டுக்குக் குறையாமல் ஆகிறது.

இந்தப் பயணத்தை முடுக்குபவை எவை? சில பிறப்போடு வருகின்றன. 1895இல் மிச்சிகனில் தையல் வேலை செய்துவந்த ஒரு பெண், தம் குடும்பத்தில் எல்லோரும் குடலிலோ கருப்பையிலோ புற்று வந்து இளமையில் போகிறார்கள், தமக்கும் அதுவே நேரும் என்று நோயியல் அறிஞர் ஆல்ட்ரெட் வார்தினிடம் சொன்னார். அப்படியே நேர்ந்தது. வார்தின் அவருடைய குடும்ப மரத்தைத் தொகுத்து 1913இல் வெளியிட்டார். ஹென்றி லின்ச் 1960களில் அந்த வேலையை மறுபடி கையில் எடுத்தார். டிஎன்ஏ பிரதியில் நேரும் பிழைகளைத் திருத்தும் மரபணு அந்தக் குடும்பத்தில் பழுதாகியிருந்தது என்பது பிறகு தெரிந்தது. பெருங்குடல் புற்றுநோய்களில் நூற்றில் மூன்று இந்த வகை. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் ஒருவருக்கு இந்நோய் வந்திருந்தால் நமக்கு வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. நாற்பது வயதிலோ, அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்தாண்டு முன்போ, எது முந்தியோ அப்போது கொலனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். “தாத்தாவுக்கு வயித்துல கட்டி” என்ற அளவில் கதையை மூடிவிடுகிற குடும்பங்கள் அடுத்த தலைமுறைக்கு இந்தத் தகவலை மறுக்கின்றன.

ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் பெருங்குடல் அழற்சி, சர்க்கரை நோய், உடல் பருமன், அசையாத வாழ்க்கை, புகை, மது ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. 2015இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியது. நாளொன்றுக்கு 50 கிராம் என்ற கணக்கில் தொடர்ந்து சாப்பிட்டால் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடும். இது சாசேஜ், பேக்கன் வகைகளுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்புக்கு அதே தீர்ப்பை எழுதக் கூடாது, சிவப்பு இறைச்சியை முகமை ஒரு படி கீழேதான் வைத்தது.

உணவின் கதையை இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். உகாண்டாவில் அறுவை மருத்துவராக இருந்த அயர்லாந்துக்காரர் டெனிஸ் பர்கிட், 1970களின் தொடக்கத்தில் ஊர் ஊராக மலத்தின் எடையையும் அது குடலைக் கடக்கும் நேரத்தையும் அளந்தார். கிராமத்து உகாண்டாவினர் கழித்தது ஆங்கிலேயர்களைவிட நான்கு மடங்கு. கடந்த நேரமோ பாதிக்கும் கீழே. மேலைநாட்டுக் குடல்நோய்களெல்லாம் நார்ச்சத்துக் குறைவால் வருகின்றன என்றார். அவர் சொன்னது அத்தனையும் நிலைக்கவில்லை. நார்ச்சத்துக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பே இல்லை என்று அமெரிக்கச் செவிலியர்களைத் தொடர்ந்த பேராய்வு 1999இல் சொன்னது. உண்டு என்று ஐரோப்பியப் பேராய்வு 2003இல் சொன்னது.

2015இல் வெளியான ஒரு சோதனை இந்தச் சச்சரவுக்குள் வெளிச்சம் பாய்ச்சியது. ஸ்டீஃபன் ஓகீஃபும் குழுவினரும் பிட்ஸ்பர்க்கில் வாழும் ஆப்பிரிக்க அமெரிக்கர் 20 பேரையும், தென்னாப்பிரிக்கக் கிராமவாசிகள் 20 பேரையும் அழைத்து, இரண்டு வாரம் உணவை மாற்றிக்கொள்ளச் செய்தார்கள். முன்னவர்களின் சமூகத்தில் லட்சத்துக்கு 65 பேருக்கு இந்தப் புற்று வருகிறது. பின்னவர்களிடம் 5 பேருக்கும் குறைவு. அமெரிக்கர்களுக்குச் சோளமாவும் பயறும் கீரையுமாக நார்ச்சத்து 14 கிராமிலிருந்து 55 கிராமானது. கிராமத்தவருக்கு பர்கரும் வறுவலும் வந்து 66 கிராமிலிருந்து 12 கிராமானது. வெறும் இரண்டு வாரம். அமெரிக்கர்களின் குடலில் அழற்சி தணிந்தது, குழிகளில் செல்கள் பெருகும் வேகம் குறைந்தது, பியூட்டிரேட் என்ற அமிலம் இரண்டரை மடங்கானது. கிராமத்தவருக்கு எல்லாம் நேர்மாறாக நடந்தது.

பியூட்டிரேட்டை நம் உடல் செய்வதில்லை. நம்மால் செரிக்க முடியாத நாரைப் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து அதை உண்டாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்கள் தங்கள் ஆற்றலில் பெரும்பகுதியை ரத்தத்திலிருந்து பெறாமல் இந்த அமிலத்திலிருந்தே பெறுகின்றன. நாம் சாப்பிடும் கம்பும் கேழ்வரகும் கொண்டைக்கடலையும் அவரைக்காயும் நமக்கு உணவாகும் முன், நம் குடலுக்கு உணவாகின்றன. தவிட்டை முழுக்க நீக்கிய வெள்ளைச் சோறு மூன்று வேளையும் என்றால் அங்கே கிடப்பது பட்டினி.

மூலத்துக்கும் இதுவே முதல் மருந்து. 378 நோயாளிகளைக் கொண்ட ஏழு சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இசப்கோல் போன்ற நார்ச்சத்து ரத்தப்போக்கைப் பாதியாகக் குறைத்தது தெரிந்தது. நம் பாட்டிமார் மூலத்துக்குக் கருணைக்கிழங்கு மசியலும் துத்திக்கீரைப் பொரியலும் மோரும் கொடுத்ததில் நாரும் கீரையும் நீரும் இருந்தன. பலருக்கு ரத்தம் நின்றிருக்கும். அதை மதிக்கிறேன். ஆனால் என் கவலை அங்கேதான் தொடங்குகிறது. ரத்தம் போனதும் “சூடு, நேத்து கோழி சாப்பிட்டேன்” என்று காரணம் சொல்லி, துத்தி சமைத்து, அதிலும் நிற்காவிட்டால் பேருந்து நிலையச் சுவரில் ‘மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்’ என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸின் எண்ணுக்கு அழைத்து, களிம்பு வாங்கித் தடவி ஓர் ஆண்டு கழிந்துவிடுகிறது. புற்றுக்கட்டியும் விட்டுவிட்டுத்தான் கசியும். நான்கு நாள் நிற்பதை மருந்தின் வெற்றி என்று நம்பிவிடுகிறோம். மூலம் புற்றாக மாறுவதில்லை. ஆனால் மூலம் இருப்பவருக்குப் புற்றும் இருக்கலாம், ஒன்றின் ரத்தம் மற்றதன் ரத்தத்தை மறைத்துவிடும்.

இளம் வயதும் காப்பாகாது. அமெரிக்காவில் 1990ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்கு மலக்குடல் புற்று வரும் வாய்ப்பு, 1950ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் அதே வயதில் இருந்தபோது இருந்ததைப்போல நான்கு மடங்கு. ‘பிளாக் பேந்தர்’ நாயகன் சாட்விக் போஸ்மன் 2020இல் 43 வயதில் பெருங்குடல் புற்றால் இறந்தார். ஏன் இந்த ஏற்றம் என்பதற்கு முழு விடை இன்னும் இல்லை. ஒரு துப்பு கிடைத்திருக்கிறது: சில ஈ.கோலை பாக்டீரியாக்கள் கோலிபாக்டின் என்ற நச்சைச் சுரந்து டிஎன்ஏவில் தனித்த தழும்பை விடுகின்றன. 11 நாடுகளின் 981 கட்டிகளை ஆராய்ந்து 2025இல் வெளியான ஆய்வில், 40 வயதுக்குள் நோய் வந்தவர்களிடம் அந்தத் தழும்பு 70 தாண்டியவர்களைவிட மூன்று மடங்குக்கும் அதிகமாகத் தெரிந்தது. அது பதிந்தது குழந்தைப் பருவத்தில் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இந்தியாவில் இந்நோயின் விகிதம் மேலைநாடுகளைவிட மிகக் குறைவு. ஆனால் நம் புற்றுநோய் மருத்துவமனைகளுக்கு வருகிறவர்களில் நாற்பதைத் தாண்டாதவர்களின் பங்கு கணிசம். அதுவும் முற்றிய நிலையில்.

ரத்தம் பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மூலமோ ஃபிஷரோதான் இருக்கும். ஆனால் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும், கேட்டுச் சொல்லக் கூடாது. மலத்தோடு கலந்த ரத்தம், சில வாரமாக மாறிப்போன மலப்பழக்கம், கழித்த பிறகும் கழியாத உணர்வு, காரணமில்லாத எடை இழப்பு, ரத்தசோகை, குடும்பத்தில் நோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், அல்லது நாற்பத்தைந்து வயதுக்கு மேல் முதன்முறையாக ரத்தம் போனாலும், மூலம் கண்முன்னே தெரிந்தாலும்கூட மேலே என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

முதல் பார்வைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டும். மருத்துவர் கையுறை போட்டு, வழவழப்பான களிம்பு தடவி, ஒரு விரலால் உட்சுவரைச் சுற்றித் தடவிப் பார்ப்பார். ஒரு நிமிடம்கூட ஆகாது. விரலுக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் எட்டும். மலக்குடல் கட்டிகளில் கணிசமானவை அந்த எல்லைக்குள் அகப்படுபவை. பிறகு விரல் நீளக் குழாய் ஒன்றை வைத்து அந்த மூன்று மெத்தைகளையும் நேரில் பார்ப்பார். இதைச் செய்யாமல் மூலத்துக்கு மருந்து எழுதினால், பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெண்கள் பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். இல்லையென்றால் செவிலியரோ உடன் வந்த அக்காவோ அறைக்குள் நிற்க வேண்டும் என்று சொல்லலாம். எந்த நல்ல மருத்துவரும் அதற்கு மறுப்புச் சொல்வதில்லை.